குதிகால் தடம்

அநியாயத்துக்கு ஆளானவர் வழக்கறிஞர் குமுதவல்லி. அநியாயம் செய்தது ஒரு ஷூ.

யாருடைய ஷூ என்று கடைசிவரை தெரியவில்லை. ஆண் ஷூ, அகலமான குதிகால். கால்ஃப் மைதானத்தின் கடைசிப் பங்கரில் இறங்கி, தன் பந்தை அடித்துவிட்டு, மணலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப்போன ஷூ.

பங்கர் என்பது பந்தை விழுங்குவதற்கென்றே வெட்டி மணல் நிரப்பிய பள்ளம். அதில் இறங்கியவர் ஏறும்போது, பக்கத்தில் கிடக்கும் பல்லு வைத்த கட்டையால் மணலை இழுத்துத் தன் காலடிகளை அழித்துவிட்டு வர வேண்டும். பின்னால் வருகிறவருக்குச் செய்கிற மரியாதை அது.

கோயம்புத்தூருக்கு வெளியே இருந்த அந்தக் கிளப்பில் ஆண்கள் அந்த மரியாதையைத் தாங்களே செய்வதில்லை. மட்டைப் பையைத் தூக்கி வரும் கேடிகள் செய்வார்கள். சில சமயம் அவர்களும் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் எல்லோரும் ஆடி முடித்த பிறகுதான் பெண்கள் மைதானத்தில் இறங்கலாம். அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லலாம். அதனால்தான் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது. ஆண்கள் முடிக்கும்போது உச்சி வெயில் வந்துவிடும். கேடிகள் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். பெண்களுக்கு மிச்சம் வெயிலும் மிதிபட்ட மணலும்தான்.

போன வருடம் பெண்கள் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், கடைசிப் பங்கரில், குமுதவல்லியின் பந்து அந்தக் குதிகால் தடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடித்தார். வரவில்லை. இன்னும் ஓங்கி அடித்தார். வரவில்லை. அது வெளியே வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது.

கோப்பை வெறும் பித்தளைதான். அதற்காக அவர் ஆடவில்லை. அதை ஜெயிக்கிறவர்தான் அந்த வருடத்துக்கு லேடி கேப்டன். லேடி கேப்டனுக்குக் கமிட்டியில் ஒரு நாற்காலி உண்டு, ஓர் ஓட்டு உண்டு. அந்த அறையில் ஒரு பெண் உட்காரக்கூடிய ஒரே நாற்காலி அது. ஞாயிற்றுக்கிழமை நேரத்தை மாற்றுவதற்கு அந்த நாற்காலி வேண்டும் என்று குமுதவல்லி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் ஒரு தப்பு.

நாற்காலி விசாலிக்குப் போனது. விசாலி கிளப் செயலாளர் தண்டபாணியின் மனைவி. கெட்டவர் இல்லை. வருடம் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து முந்திரி பக்கோடா நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நேரத்தைப் பற்றிக் கேட்டால், எல்லாருக்கும் டிபன் குடுத்துட்டு வர்றதுக்கு நமக்கு அதாங்க வசதி என்பார்.

குமுதவல்லி கமிட்டிக்கு மனு கொடுத்தார். பந்து கிடக்கும் நிலையிலேயே ஆடப்பட வேண்டும் என்பது விதி என்று பதில் வந்தது. மிதித்தவனுக்கு விதி கிடையாதா என்று கேட்டார். மணலைச் சமன் செய்வது ஆட்ட நாகரிகம், அதற்குத் தண்டனை இல்லை என்றார்கள்.

ஆக, மிதிப்பவனுக்கு நாகரிகம், விழுந்தவளுக்கு விதி. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் எல்லோரும் அவரோடு விவாதித்தார்கள். விளையாட்டுத்தானே என்றார் கணவர். விட்டுத்தள்ளுங்க மேடம் என்றார் ஜூனியர். கொஞ்சம் அனுசரிச்சுப் போ என்றார் மாமியார். அவருக்குக் கால்ஃப் என்றால் என்னவென்றே தெரியாது.

இந்த நிலையில்தான் குமுதவல்லி எஸ்தரிடம் போனார்.

எஸ்தர் கிளப்பின் புதுப் பயிற்சியாளர். சிஷ்யையைவிட குரு இருபது வயது சின்னவள். அதிகம் பேசமாட்டாள். அதனாலேயே அவளோடு வாதாடுவது சிரமம்.

முதல் நாளே குமுதவல்லி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எனக்கு நடந்தது அநியாயமா இல்லையா? அதை மட்டும் சொல்லு கண்ணு. மத்ததை அப்பறம் பாக்கலாம்."

"அன்னிக்குப் பந்துக்கு எவ்வளவு பின்னால அடிச்சீங்க மேடம்?"

"பின்னால எதுக்கு அடிக்கறேன்? பந்தைத்தான் அடிச்சேன்."

"வந்துச்சுங்களா?"

"வரலை. வந்திருந்தா உங்கிட்ட எதுக்கு வர்றேன்?"

எஸ்தர் பயிற்சிப் பங்கரில் இறங்கி, மட்டையின் பிடியால் மணலில் ஒரு கோடு கிழித்தாள்.

"கோட்டை அடிங்க."

"பந்து?"

"பந்து இல்லீங்க."

அன்று காலை முழுக்கப் பந்தே இல்லை. குமுதவல்லி கோட்டை அடித்தார். மணல் பறந்தது. எஸ்தர் மறுபடி கோடு கிழித்தாள். மணலில் மட்டை பந்தைத் தொடவே கூடாது, பந்துக்குப் பின்னால் இருக்கும் மணலைத்தான் அடிக்க வேண்டும், கிளம்பும் மணல் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும் என்பதை அவள் மதியத்துக்கு மேல் சொன்னாள். இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டார் குமுதவல்லி. காலையிலே சொல்லியிருந்தா வாதாடியிருப்பீங்க என்றாள்.

அது உண்மை. அதற்காகவே கோபம் இன்னும் வந்தது.

மறுவாரம் வேறு பங்கர். அந்தக் கிளப்பில் ஒவ்வொரு பங்கரும் ஒவ்வொரு மாதிரி. ஆரம்ப காலத்தில் வெட்டியவற்றில் நல்ல ஆற்று மணல் இருந்தது. கால் வைத்தால் புதையும். அங்கே மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து வைத்து, மணலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். குமுதவல்லி அதைப் பழகினார். பந்து பூப்போல எழும்பி இறங்கியது. அவருக்கே ஆச்சரியம்.

"சரி, வந்துடுச்சு. இப்பச் சொல்லு. அநியாயமா இல்லையா?"

"நாளைக்கு அந்தப் பக்கம் போலாங்க."

அந்தப் பக்கம் எம்-சாண்ட். ஆற்று மணல் கிடைக்காமல் போனபிறகு லாரியில் கொண்டுவந்து கொட்டிய கல்பொடி. வீடு கட்ட நல்லது. மழை பெய்து வெயில் காய்ந்தால் சிமென்ட் தரை மாதிரி இறுகிக்கொள்ளும். குமுதவல்லி முகத்தைத் திறந்து வைத்து அடித்தார். மட்டை தரையில் பட்டுத் துள்ளி, பந்தின் வயிற்றில் மோதி, பந்து புல்வெளியைத் தாண்டிக் கார் நிறுத்துமிடம் வரைக்கும் போனது.

"நேத்து இப்படித்தானே அடிக்கச் சொன்னே?"

"நேத்து அது வேற மணலுங்க."

"ஒரு மணலுக்குச் சரியானது இன்னொரு மணலுக்குத் தப்பா?"

"ஆமாங்க."

"அப்ப அடிக்கறதுக்கு முன்னால எது எந்த மணல்னு எப்படித் தெரியும்? மட்டையால தொட்டுப் பாத்துக்கலாமா?"

கூடாது. அதுவும் விதி. அடிப்பதற்கு முன்னால் மட்டை மணலில் பட்டால் தண்டனை. நிற்கும்போது கால் என்ன சொல்கிறதோ அதை மட்டும்தான் கேட்டுக்கொள்ளலாம்.

குமுதவல்லி மட்டையைக் கீழே ஊன்றப் போய், நினைவு வந்து தூக்கிக்கொண்டார்.

"தொட்டும் பாக்கக் கூடாது, குறையும் சொல்லக் கூடாது. கட்டிக்குடுத்த பொண்ணுக்குச் சொல்லி அனுப்பற மாதிரியே இருக்கு உங்க ஆட்டம்."

எஸ்தர் சிரித்தாள்.

கோடியில் ஒரு பங்கர் இருந்தது. அதில் யாரும் எப்போதும் மணல் போட்டதில்லை. மேலே ஒரு விரல் மணல், கீழே செம்மண். அங்கே ஒரு வாரம் போனது. பிறகு மேட்டைப் பார்த்து நின்று அடிப்பது, பள்ளத்தைப் பார்த்து நின்று அடிப்பது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து அடிப்பது. ஒவ்வொன்றும் வசப்பட்டதும் குமுதவல்லி தன் கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் இன்னொரு பங்கர் கிடைத்தது.

ஒருநாள் அவர் தாங்கமாட்டாமல் சொன்னார். ஆமா, இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லும்படி எத்தனையோ சாட்சிகளைக் கூண்டில் நிறுத்திக் கேட்டிருக்கிறேன், கொலைகாரனும் சொன்னான், போலீஸ்காரரும் சொன்னார், உன்னை மாதிரி ஓர் ஆளைப் பார்த்ததில்லை என்றார். எஸ்தர் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மறுநாள் அவள் சிஷ்யையைப் பயிற்சிப் பங்கரைச் சமன் செய்யச் சொன்னாள். குமுதவல்லி கட்டையை எடுத்து மூலைமுடுக்கெல்லாம் இழுத்தார். இஸ்திரி போட்ட மாதிரி ஆனது மணல். அவருக்கே அதில் இறங்க மனம் வரவில்லை.

எஸ்தர் இறங்கினாள். அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நடந்தாள். குதிகாலை அழுத்தி அழுத்தி நடந்தாள். திரும்பி வந்தாள். பையிலிருந்த பந்துகளை ஒவ்வொரு தடத்துக்குள்ளும் ஒவ்வொன்றாகப் போட்டு, காலால் கொஞ்சம் அமுக்கியும் வைத்தாள்.

"அடிங்க மேடம்."

குமுதவல்லி இறங்கினார். அடிக்கவில்லை.

"இதைப் பழகணுமா நான்?"

"ஆமாங்க."

"மிதிச்சவனைக் கேள்வி கேக்க மாட்டே. மிதிச்ச குழிக்குள்ள நின்னு எப்படிப் பொழைக்கறதுன்னு எனக்குப் பாடம் எடுப்பே. அதானே?"

எஸ்தர் குனிந்து ஒரு பந்தை இன்னும் கொஞ்சம் அமுக்கி வைத்தாள்.

"இதைச் சொல்ல உனக்கு எதுக்கு கண்ணு ஃபீஸு? எங்க மாமியார் சும்மாவே சொல்லிட்டாங்க."

மட்டையை மணலிலேயே எறிந்துவிட்டு நடந்தார். அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தான் செய்தது சரிதான் என்று தனக்குத்தானே வாதாடி ஜெயித்தார். எதிர்த்தரப்பு இல்லாத வழக்கில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது? மூன்றாவது வாரம், எறிந்துவிட்டு வந்த மட்டையை எடுத்துக்கொண்டு போக வந்தேன் என்ற சாக்கோடு கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் முடித்து, பெண்களும் முடித்திருந்தார்கள். அதே பங்கரில் எஸ்தர் தனியாக அடித்துக்கொண்டிருந்தாள். கிளப்பில் வேலை பார்க்கிறவர்களுக்கு மைதானம் எல்லோருக்கும் கடைசியில்தான் கிடைக்கும். பெண்களுக்கும் பின்னால். குமுதவல்லிக்கு இது இதுவரை தோன்றியதே இல்லை.

கிட்டே போய்ப் பார்த்தார். மேல்பக்கம், பங்கரின் ஓரத்தில், எஸ்தர் மிதித்த தடங்களில் சேராத ஒரு வரிசை இருந்தது. சின்னக் குதிகால். வேகமாக ஏறிப்போனவரின் தடம். இவர்கள் இருவரைத் தவிர யாரும் வராத பங்கர், இடையில் மழையும் இல்லை. அந்த வரிசையில் ஒரு தடத்துக்குள் பந்தைப் போட்டு எஸ்தர் அடித்துக்கொண்டிருந்தாள்.

குமுதவல்லி தன் ஷூவைப் பார்த்தார். தடத்தைப் பார்த்தார்.

"இது என் காலு."

"ஆமாங்க."

"நான் சமன் பண்ணாமப் போயிட்டனா?"

"கோவமாப் போனீங்க."

 குமுதவல்லிக்குள் இருந்த வழக்கறிஞர் எழுந்துகொண்டார்.

"இத பாரு. நான் ஒருநாள் மறந்தேங்கறதுனால அவங்க வருஷம் பூரா செய்யறது சரின்னு ஆயிடாது."

"ஆகாதுங்க."

"அப்ப அது அநியாயம்னு ஒத்துக்கறே."

எஸ்தர் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த அவருடைய மட்டையை எடுத்து நீட்டினாள். "மட்டை முகத்தை மூடிப் பிடிங்க மேடம்."

"என்னது?"

"தடத்துக்குள்ள பந்து இருந்தா முகத்தைத் திறக்கக் கூடாது. மூடிப் பிடிச்சு, கூர்ப்பக்கம் மணல்ல இறங்கற மாதிரி, மேல இருந்து வெட்டணும். வெட்டிட்டு மட்டையை மணலுக்குள்ளயே விட்டுடணும். தூக்கிவிடலாம்னு பாத்தீங்கன்னா வராது."

குமுதவல்லிக்கு வந்த எரிச்சலில் அந்த மட்டையை உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. முகத்தை மூடிப் பிடித்து, தன் குதிகால் தடத்துக்குள் கிடந்த பந்துக்கு இரண்டு விரல் பின்னால், ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். பந்து முனகிக்கொண்டே வெளியே வந்து ஓடியது.

இருவரும் அது நிற்கும்வரை பார்த்தார்கள்.

"இன்னொண்ணு போடு" என்றார் குமுதவல்லி.

அதற்குப் பிறகு இறுதி ஆட்டம் வரை அவர் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. ஆனால் அடித்துக்கொண்டே கேட்டார்.

இந்த வருட இறுதி ஆட்டமும் விசாலியோடுதான். ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். ஆண்கள் ஆடி முடித்து, வராந்தாவில் லைம் சோடாவோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பந்தைத் தள்ள வேண்டிய கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சமம். அதை யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவருக்கு நாற்காலி.

விசாலியின் பந்து கடைசிப் பங்கருக்குள் விழுந்தது. குமுதவல்லியின் பந்தும் பின்னாலேயே போய் விழுந்தது.

இருவரும் போய் எட்டிப் பார்த்தார்கள். காலையில் இறங்கிய ஆண்கள் அத்தனை பேரும் அதற்குள் நடந்திருந்தார்கள். இரண்டு பந்தும் இரண்டு தடத்துக்குள் கிடந்தன. குமுதவல்லியின் பந்துக்குத் தலை மட்டும் தெரிந்தது.

குழிக்குத் தூரத்தில் இருப்பவர் முதலில் ஆட வேண்டும். விசாலி இறங்கினார். நடுவராகக் கரையில் நின்ற கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க இது, எருமை படுத்து எந்திரிச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் நகர்த்தி வெச்சுக்கட்டுங்களா?"

"முடியாது விசா. கிடக்கிற இடத்துல இருந்துதான் ஆடணும்."

"மிதிச்சது யாரு?"

தண்டபாணி வராந்தாவைப் பார்த்தார். வராந்தா லைம் சோடாவைப் பார்த்தது.

"அது விதியில வராதும்மா. அது ஆட்ட நாகரிகம்."

"அது இல்லாதவங்களுக்கு என்ன தண்டனை?"

"தண்டனைன்னு ஒண்ணும்..."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்குங்க தண்டனை?"

தண்டபாணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விசாலி கோபத்தோடு திரும்பிப் பந்தை அடித்தார். பந்தைத்தான் அடித்தார். அது கரையில் முட்டி, திரும்ப உருண்டு அவர் காலடிக்கே வந்தது. மறுபடி அடித்தார். மணல் அவர் தலையில் விழுந்தது. ஒருவழியாக வெளியே பறந்தபோது, பந்து குழியைத் தாண்டி வேலியோரம் போய் நின்றது.

விசாலி மணலோடு நின்றார். தன் பந்தின் பக்கம் நின்ற குமுதவல்லியிடம் கேட்டார்.

"போன வருஷம் உங்களுக்கும் இப்படித்தானுங்களா?"

ஒரு வருடமாகக் குமுதவல்லி இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தார். யாராவது ஒருவர் கேட்க மாட்டாரா என்று. பதில் முழுவதும் தயாராக இருந்தது. முதல் குறிப்பு, இரண்டாவது குறிப்பு, முடிவுரை. கேட்பவர் செயலாளரின் மனைவி, செயலாளர் பக்கத்தில், வராந்தா நிறைய ஆட்கள். இதைவிட நல்ல நீதிமன்றம் கிடைக்காது. அவருக்கு வாய் திறந்துவிட்டது.

"இருங்க. இதை அடிச்சுட்டு வந்து பேசறேன்" என்றார்.

காலை மணலில் ஊன்றினார். மேலே தளர்ச்சி, கீழே இறுக்கம். எம்-சாண்ட் என்று கால் சொன்னது. முகத்தை மூடிப் பிடித்தார். மேலிருந்து வெட்டினார். மட்டையை மணலுக்குள்ளேயே விட்டுவிட்டார். பந்து அரைமனதாக எழும்பி, கரையைத் தாண்டி, புல்லில் விழுந்து ஓடி, குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

வராந்தாவில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மீதி ஆட்டத்தில் ஒன்றுமில்லை. விசாலி தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து கைகொடுத்தார். தலையிலிருந்து மணல் உதிர்ந்தது.

"அந்த மனுவை மறுபடி எழுதுங்க. இந்தத் தடவை என் பேரை முதல்ல போடுங்க" என்றார். பிறகு கணவர் காதில் விழும்படி, "டிபன் அவங்களே போட்டுச் சாப்பிட்டுக்குவாங்க" என்றார்.

கமிட்டி மறுநாள் கூடுவதாக இருந்தது. குமுதவல்லி கோப்பையை ஜூனியரிடம் கொடுத்துவிட்டு எஸ்தரைத் தேடிப் போனார். அவள் பயிற்சிப் பங்கருக்குப் பக்கத்தில் பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தாள். நல்லா வெட்டினீங்க என்று மட்டும் சொன்னாள்.

குமுதவல்லி அவளுக்கு எதிரே போய் நின்றார்.

"இனி அடிக்கச் சொல்றதுக்கு உங்கிட்ட ஒரு பங்கரும் பாக்கி இல்லை. இப்பவாச்சும் சொல்லு. எனக்கு நடந்தது அநியாயமா இல்லையா?"

"அநியாயந்தானுங்க."

குமுதவல்லி மூச்சை விட்டார். அடுத்த நொடியே மறுபடி கோபம் வந்துவிட்டது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நீங்க வந்து சொன்ன அன்னிக்கே."

"அன்னிக்கே தெரியும்னா அன்னிக்கே சொல்றதுக்கு என்ன? ஒரு வார்த்தை. எத்தனை தடவை கேட்டேன், வெக்கத்தை விட்டு, கெஞ்சாத குறையா?"

எஸ்தர் கூடையைக் கீழே வைத்தாள்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே உங்களுக்கு மனசு ஆறிப்போயிருக்கும் மேடம்."